டி.எஸ்.எச் ஏறினா சுரப்பி இறங்குது: தைரொயிட் ரிப்போர்ட்டும் காலைத் தேத்தண்ணியும்

#1 — ஹட்டன்_உயிரியல்

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில ஓமோன் அலகு நடத்தினா, புத்தகத்தில இருக்கிற கேள்வியை விட பிள்ளைங்க வீட்டில இருந்து கொண்டு வர்ற கேள்விதான் கஷ்டமா இருக்கு. அம்மா, பாட்டியோட கிளினிக் கொப்பியைப் பார்த்துட்டு வந்து கேட்கிறாங்க. அடுத்த கருத்தரங்குக்கு மூணு கேள்வியைப் பொறுக்கி வச்சிருக்கேன். இங்க லேப், பார்மசி, வார்டுன்னு எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறதால கேட்கிறேன்.

ஒண்ணு: "டி.எஸ்.எச் 9ன்னு வந்திருக்கு. அப்படின்னா தைரொயிட் கூடியிருக்கு. பிறகு ஏன் டொக்டர் தைரொக்சின் மாத்திரையை இன்னும் கூட்டுறார்?"

ரெண்டு: மாத்திரை மாத்தினா அடுத்த வாரமே ரத்தம் எடுக்காம ஆறு வாரம், எட்டு வாரம்னு ஏன் இழுக்கிறாங்க?

மூணு: நுவரெலியாக் குளிருக்குச் சுரப்பி கூடுதலா வேலை செய்யுமா?

பாடப்புத்தகச் சொல்லையும் போட்டு வைக்கிறேன்: பரிவகக்கீழ், அதுக்குக் கீழ கபச்சுரப்பி, கழுத்தில கேடயச்சுரப்பி. தைரொயிட்னு சொன்னாத்தான் வீட்டில புரியும்கிறதால அப்படியே எழுதலாம்.

#2 — சோதனைக்கூடம்

முதல் கேள்விக்குப் பதில் மலையில இருந்தே எடுக்கலாம் சேர். கொழுந்து எடை குறைஞ்சா கங்காணி சத்தம் கூடும். எடை நல்லா வந்தா சத்தம் அடங்கும். டி.எஸ்.எச் என்கிறது தைரொயிட்டைத் தூண்ட கபச்சுரப்பி விடுற ஓமோன், அது கங்காணியோட சத்தம், கொழுந்து இல்ல. கொழுந்து தைரொயிட் சுரக்கிற டி4 (தைரொக்சின்), டி3.

கபச்சுரப்பி கடலைப் பருப்பளவுதான், அரைக் கிராம் சொச்சம். மூளைக்கு அடியில ஒரு எலும்புக் குழியில உட்கார்ந்திருக்கு. ரத்தத்தில தைரொக்சின் குறைஞ்சா அது டி.எஸ்.எச்சைக் கூட்டி விடுது. மேல இருக்கிற பரிவகக்கீழ் டி.ஆர்.எச்னு ஒரு ஓமோனை அனுப்பி அதையும் உசுப்புது. அது துரை பங்களாவில இருந்து வர்ற சீட்டுன்னு வச்சுக்கங்க. தைரொக்சின் போதுமான அளவுக்கு வந்ததும் அதுவே மேல போய் ரெண்டு பேர் வாயையும் அடைக்குது. புத்தகத்தில மறைப் பின்னூட்டல்னு இருக்கிறது இதுதான்.

அதனால 9 வந்தா "தைரொயிட் கூடிருச்சு"ன்னு வாசிக்கக்கூடாது. சுரப்பி இறங்கிட்டுது, மேல இருந்து கத்துறாங்கன்னு வாசிக்கணும். பெரும்பாலான லேப்ல பெரியவங்களுக்குச் சாதாரண எல்லை லீட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி அலகு வரைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் கொஞ்சம் மாறும், ரிப்போர்ட்டில பக்கத்திலேயே அச்சடிச்சிருக்கும்.

#3 — வார்டு_தாதி

உதாரணம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா கங்காணிக்கே தொண்டை கட்டிக்கிட்டா? எடை குறைஞ்சிருக்கும், சத்தமும் வராது. டி.எஸ்.எச்சை மட்டும் பார்த்துட்டு "நோர்மல்"னு கொப்பியை மூடினா அந்த ஆள் தப்பிப் போயிடுவாங்க.

பிரசவத்தில கடுமையா ரத்தம் போனவங்களுக்கு இது வரலாம். கர்ப்பத்தில கபச்சுரப்பி வீங்கிப் பெருசாகும், ஆனா அதுக்குப் போற ரத்தம் அதே வேகத்தில கூடாது. பிரசவத்தில ரத்த அழுத்தம் ஒரேயடியா விழுந்தா முன்பக்கக் கபச்சுரப்பி செத்துப்போகும். ஷீஹான் நோய்னு பேர். முதல் அடையாளம் பால் சுரக்காதது, ஏன்னா புரோலக்டினும் அங்க இருந்துதான் வருது. பிறகு மாதவிடாய் திரும்பாது, சோர்வு, குளிர் தாங்காது, அக்குள் முடி உதிரும். பல வருஷம் கழிச்சு "ரத்தச் சோகை"ன்னு சொல்லிட்டு வருவாங்க. அவங்க ரிப்போர்ட்டில ஃப்ரீ டி4 (புரதத்தோட ஒட்டாம இருக்கிற டி4) கீழ, டி.எஸ்.எச் குறைவா அல்லது சாதாரணமா இருக்கும்.

கண்ணாடி விரியன் கடிச்சுப் பிழைச்சவங்களுக்கும் இதே மாதிரி கபச்சுரப்பி போனது பர்மாவிலயும் தென்னிந்தியாவிலயும் பதிவாகியிருக்கு. அந்தப் பாம்பு நம்ம உச்சிக் குளிரை விட தாழ்நிலத்தில கூடுதல். ஆனாலும் வரலாறு கேட்கிறப்போ கேட்டு வைக்க வேண்டிய கேள்வி.

இன்னொண்ணு, அதிரீனல் சுரப்பியோட கோர்ட்டிசோல் ஓமோனும் கபச்சுரப்பி தூண்டினாத்தான் வரும், அதனால இவங்களுக்கு முதல்ல கோர்ட்டிசோல் குறையைச் சரிபண்ணிட்டுத்தான் தைரொக்சின் தொடங்கணும். தைரொக்சின் முதல்ல போனா உடம்போட வேகம் கூடி, இருக்கிற கொஞ்ச கோர்ட்டிசோலும் சீக்கிரம் கரைஞ்சு, ஆள் அப்படியே சாய்ஞ்சிடலாம்.

#4 — உடற்றொழில்_பேராதனை வீதி

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். தைரொக்சினின் அரைவாழ்வு ஏறத்தாழ ஏழு நாள். இரத்தத்தில் உள்ள டி4இல் 99.9 வீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அது மெதுவாகவே கரைகிறது. வேளை அளவை இன்று மாற்றினால், வர வேண்டிய மாற்றத்தில் முதல் வாரம் பாதிதான் வரும். இரண்டாம் வாரம் 75 வீதம், மூன்றாம் வாரம் 87, நான்காம் வாரம் 94, ஐந்தாம் வாரம் 97. இவ்வளவும் டி4இன் கணக்கு. அதைப் பார்த்துக் கபச்சுரப்பி தன் டி.எஸ்.எச்சை நிலைப்படுத்த இன்னும் சில நாள் பிடிக்கும். ஆறு முதல் எட்டு வாரம் என்பது இங்கிருந்து வருகிறது. பத்தாம் நாள் எடுத்த டி.எஸ்.எச்சைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால், ஏறிக்கொண்டிருக்கும் ஒன்றை மேலும் தள்ளியதாகும். இரண்டு மாதம் கழித்து நெஞ்சு படபடக்கும்.

முதல் கேள்வியில் எல்லோரும் தவறவிடும் ஒரு விடயம். டி4உம் டி.எஸ்.எச்சும் நேர்கோட்டில் நகர்வதில்லை. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச் இரண்டு மடங்காகாது, கிட்டத்தட்ட நூறு மடங்காகும். திருப்பிக் கணக்குப் போட்டால், டி.எஸ்.எச் 4இலிருந்து 8 ஆவதற்கு டி4 பத்து வீதமளவு இறங்கினாலே போதும். ஆகவே "போன முறை 4, இந்த முறை 8, நோய் இரண்டு மடங்காகிவிட்டது" என்று அழத் தேவையில்லை. அதே காரணத்தால்தான் சின்னக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க டி.எஸ்.எச்சை விட நல்ல சோதனை இல்லை. டி4 இன்னும் எல்லைக்குள் இருக்கும்போதே அது எல்லையைத் தாண்டிவிடும்.

டி4 சாதாரணமாகவும் டி.எஸ்.எச் 10க்குக் கீழேயும் இருந்தால் பல வைத்தியர்கள் உடனே மாத்திரை தொடங்காமல் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். கர்ப்பம் என்றால் கதை வேறு.

#5 — மருந்தாளர்_பண்டாரவளை

இதெல்லாம் சரி. நம்ம பக்கத்தில டி.எஸ்.எச் இறங்காததுக்குப் பாதிக் காரணம் சுரப்பியில இல்ல, கோப்பையில இருக்கு. எழும்பினதும் அடுப்பில கேத்தல், ஒரு கையில மாத்திரை, மறு கையில சீனி போட்ட பால் தேத்தண்ணி.

முழுக்க நின்னுபோன சுரப்பிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது உடல் எடையில கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 96, அதாவது 100 மைக்ரோகிராம். 50 மாத்திரை ரெண்டு. வயசானவங்க, நெஞ்சு வருத்தம் உள்ளவங்களுக்கு 12.5 அல்லது 25ல தொடங்கி மெதுவா ஏத்துவாங்க. ஒரு கிராமில பத்தாயிரத்தில ஒரு பங்கு இது. இவ்வளவு சின்ன அளவில வெறும் வயித்தில போட்டாலே 70-80 வீதம்தான் ரத்தத்துக்குள்ள போகும். வயித்தில ரொட்டி இருந்தா, பால் இருந்தா, இன்னும் குறையும். பாலில இருக்கிற கல்சியம் தைரொக்சினைப் பிடிச்சு வச்சுக்கும். காப்பியும் உறிஞ்சலைக் குறைக்கும்.

எடுக்கிற முறை: எழும்பினதும் ஒரு கிளாஸ் வெறும் தண்ணியோட. கொதிச்சு ஆறின தண்ணியா இருந்தாலும் பரவாயில்ல. அதுக்குப் பிறகு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் தேத்தண்ணி, ரொட்டி, பிஸ்கட் ஒண்ணும் வேண்டாம். கல்சியம், இரும்பு, வயித்தெரிவுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்து, இதுக்கெல்லாம் நாலு மணி நேர இடைவெளி.

#6 — கேள்விக்குறி_தலவாக்கலை

பால் தேத்தண்ணி சரி. பால் போடாத பிளேன்டீயிலயும் பிரச்சினையா? பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை வேலைப் பதிவுக்கு) போறவங்க நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைங்களுக்குக் கட்டிக் கொடுத்துட்டுப் போறாங்க. ஒரு மணி நேரம் வெறும் வயித்தில இருங்கன்னா "சரி மிஸ்"னு தலையாட்டிட்டு வெளிய வந்து குடிச்சிடுவாங்க. கொப்பியில எழுதிக் கொடுக்கிறதுக்கும் லயத்தில (தோட்டத்து வீட்டு வரிசையில) நடக்கிறதுக்கும் தூரம் அதிகம்.

#7 — மருந்தாளர்_பண்டாரவளை

பால் அளவுக்குப் பிளேன்டீ மோசம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா மருந்துத் தாளில தண்ணின்னு போட்டிருக்கு, தேத்தண்ணின்னு போடல. அதை விடுங்க, நீங்க சொன்ன தூரம்தான் உண்மையான சிக்கல். அதுக்கு வழி இருக்கு. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சு, படுக்கப் போறப்போ எடுக்கலாம். ஏழு மணிக்குச் சாப்பிட்டா பத்து மணிக்கு. காலையில எடுக்கிறதுக்கு இது ஒண்ணும் குறைஞ்சதில்லன்னு ஆய்வில காட்டியிருக்காங்க. கிளினிக்கில சொல்லிட்டு மாத்திக்கலாம்.

எந்த நேரம் எடுத்தாலும் தினம் அதே மாதிரி எடுக்கிறது முக்கியம். தினமும் தேத்தண்ணியோடயே எடுத்து அதுக்கேத்த மாதிரி அளவு கூட்டி வச்சிருக்கிற ஆள் திடீர்னு ஒழுங்காத் தண்ணியில எடுத்தா, கூடிப்போன மருந்து காட்டும்: கை நடுக்கம், வியர்வை, தூக்கம் வராது. அதனால பழக்கத்தை மாத்தினாலும் மாத்தின நாளைக் கொப்பியில குறிச்சு வச்சு ஆறு வாரத்தில டி.எஸ்.எச் பாருங்க.

#8 — குடும்பநலம்_மிட்வைஃப்

ராத்திரி வழி கர்ப்பிணிகளுக்கு ஒத்துவராது அண்ணா. எங்க கிளினிக்குகள்ல இரும்பு, ஃபோலிக் அசிட், விற்றமின் சி, கல்சியம் எல்லாம் கொடுக்கிறோம். இரும்பை அனேகமா ராத்திரிதான் எடுக்கச் சொல்றோம், குமட்டல் தெரியாது. தைரொக்சினையும் அதே நேரத்துக்குத் தள்ளினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கட்டிப்போடும். கர்ப்பிணிக்கு ஒழுங்கு இப்படி: தைரொக்சின் எழும்பினதும், கல்சியம் மத்தியானச் சாப்பாட்டோட, இரும்பு படுக்கைக்கு. இரும்பு எடுத்த நேரத்தில தேத்தண்ணி கண்டிப்பா வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்பை உறிஞ்ச விடாது. மலைநாட்டில ரத்தச் சோகைக்கு மாத்திரை கொடுத்தும் ஏறலன்னா முதல்ல கேட்க வேண்டியது இதைத்தான்.

ஏற்கனவே தைரொக்சின் எடுக்கிற பெண்ணுக்குக் கர்ப்பம் தங்கினா தேவை கால்வாசியில இருந்து மூணில ஒரு பங்கு வரைக்கும் கூடும், அதுவும் முதல் சில வாரங்கள்லயே. முதல் மூணு மாசம் பிள்ளையோட மூளைக்கு வேண்டிய தைரொக்சின் தாய்கிட்ட இருந்துதான் போகணும். அதனால "அடுத்த கிளினிக் திகதிக்குப் பார்ப்போம்"னு இருக்கக்கூடாது. வழமையா எடுக்கிற அளவையே வாரத்துக்கு ஏழு வேளைக்குப் பதிலா ஒன்பது வேளையாக்குறது, அதாவது ரெண்டு நாள் இரட்டிப்பா எடுக்கிறது, வைத்தியர்கள் சொல்ற ஒரு வழி. பிள்ளைக்குத் திட்டமிடுறப்பவே டொக்டர்கிட்ட கேட்டு, கொப்பியில எழுதி வாங்கி வச்சுக்கங்க. பிரசவம் முடிஞ்சதும் பழைய அளவுக்கு இறங்கணும், அதை மறந்துடுறாங்க.

நல்ல சுரப்பி உள்ள கர்ப்பிணிக்கு முதல் மூணு மாசத்தில டி.எஸ்.எச் கொஞ்சம் கீழ போறது சாதாரணம். கர்ப்பத்தில வர்ற எச்.சி.ஜி ஓமோனோட உருவம் டி.எஸ்.எச்சுக்குக் கிட்டின உறவு, அது போய் தைரொயிட்டைத் தட்டி எழுப்பிடுது. வாந்தி கூடினவங்களுக்கு இது இன்னும் தெரியும்.

#9 — ஹட்டன்_உயிரியல்

மிஸ், உப்பையும் சொல்லிடுங்க. "அயடீன் உப்பு வந்த பிறகு யாருக்கும் கழலை வரக்கூடாதே" என்கிறது அடுத்த கேள்வி.

#10 — குடும்பநலம்_மிட்வைஃப்

1995ல இருந்து இலங்கையில விக்கிற சாப்பாட்டு உப்பில அயடீன் சேர்க்கணும்னு சட்டம். அதுக்கு முன்னாடி ஈரவலயத்தில, மழை மண்ணைக் கழுவிக் கொண்டு போற பக்கங்கள்ல கழுத்துக் கழலை சர்வசாதாரணம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் வேணும், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவங்களுக்கும் 250. வீட்டு உப்பில கிலோவுக்குக் குறைஞ்சது 15 மில்லிகிராம் இருக்கணும்கிறது உலக சுகாதார அமைப்போட அளவுகோல். ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராமில, அப்படிப் பார்த்தா 75 மைக்ரோகிராம். மீதி மீன், நெத்தலி, முட்டை, பாலில இருந்து வரணும்.

இப்போ லயத்துக் குசினியைப் பாருங்க. கல்லுப்பு வாங்குவாங்க, அழுக்கு இருக்குன்னு ஒரு தடவை தண்ணியில அலசுவாங்க. அயடேற்று அந்தக் கல்லோட மேல்பக்கத்தில தடவினதுதான், முதல் அலசல்லயே போயிடும். மிச்சத்தைச் சிரட்டையில போட்டு அடுப்புக்குப் பக்கத்தில திறந்தே வைப்பாங்க. ஆவியும் சூடும் பட்டுக் கசியும், கசியுற தண்ணியோட அயடீனும் போகும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அடுப்பில இருந்து தள்ளி, அலசாம, கறி இறக்கப் போறப்போ போடணும். இவ்வளவுதான் வேலை.

சேர் கேட்டதுக்குப் பதில்: இப்போ வர்ற குறைபாட்டில பெரும்பகுதி அயடீன் இல்லாததால வர்றதில்ல. உடம்போட எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தின்னுது, ஹஷிமோட்டோன்னு பேர். அதுக்கு உப்பைக் கூட்டிப் பிரயோசனம் இல்ல, அழுத்தம்தான் ஏறும்.

#11 — கேள்விக்குறி_தலவாக்கலை

அப்போ கோவா? தைரொயிட்னு சொன்னதும் "கோவா, நோக்கோல், முள்ளங்கி நிப்பாட்டு"ன்னு பக்கத்து வீட்டு அக்காமார் பட்டியல் கொடுக்கிறாங்க. நுவரெலியாவில இருந்துகிட்டு இதையெல்லாம் நிப்பாட்டினா எதைச் சாப்பிடுறது?

#12 — உடற்றொழில்_பேராதனை வீதி

நிப்பாட்ட வேண்டாம். கோவா வகைகளில் உள்ள ஒரு பொருள், அயடீனைத் தைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு கோர்க்கும் நொதியத்தைத் தடுக்கக்கூடியது. ஆனால் அந்தப் பொருள் இலையை நறுக்கும்போது வெளிவரும் இன்னொரு நொதியத்தால்தான் உருவாகிறது. சமைத்த சூட்டில் அந்த நொதியம் அழிந்துவிடும். அயடீன் போதுமான அளவு சாப்பிடுகிறவர் சமைத்த கோவாவால் கழலை வாங்குவதில்லை. பச்சையாகக் கிலோக்கணக்கில் அரைத்துக் குடிப்பவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தப் பட்டியலில் உண்மையில் கவனிக்க வேண்டியது மரவள்ளி. அதிலுள்ள சயனைட்டை ஈரல் தயோசயனேற்றாக மாற்றுகிறது. அது சுரப்பியின் வாசலில் அயடீனோடு போட்டிபோடும். அயடீனும் குறைவு, மூன்று வேளையும் மரவள்ளி என்றால்தான் ஆபத்து. தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். கட்டைச் சம்பலோடு தாராளமாகச் சாப்பிடலாம்.

குளிர்க் கேள்வியையும் முடித்துவிடுகிறேன். எலியைக் குளிரில் வைத்தால் டி.எஸ்.எச் ஏறுவது தெளிவாகத் தெரியும், அதனால்தான் புத்தகங்களில் அந்த அம்புக்குறி இருக்கிறது. பெரிய மனிதரில் அது மிகச் சிறிது. நமக்கு நடுக்கமும் அதிரினலினும் இரத்தக்குழாய் சுருங்குவதும் கம்பளியும் இருக்கின்றன. நுவரெலியாவுக்கென்று தனி டி.எஸ்.எச் எல்லை கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு, பிறந்த குழந்தை. கருப்பைச் சூட்டிலிருந்து வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள் அதன் டி.எஸ்.எச் பல மடங்கு பாய்ந்து, பிறகு ஓரிரு நாளில் இறங்கும். குதிகாலில் குத்தி வடிதாளில் எடுக்கும் இரத்தத்தைப் பிறந்த உடனே எடுக்காமல் 24 மணி நேரமாவது கழித்து எடுப்பது இதனால்தான். முன்கூட்டி எடுத்தால் நல்ல பிள்ளைக்கும் குறைபாடு என்று வந்து, தாயைத் தேவையில்லாமல் பஸ் ஏற்ற வேண்டிவரும்.

உயரத்துக்கு உண்மையாகவே பதில் சொல்கிற ஓமோன் வேறொன்று, சிறுநீரகத்திலிருந்து வரும் எரித்ரோபொயட்டின். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒட்சிசன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து சிவப்பணு ஆக்கத்தைக் கொஞ்சம் தூண்டும். இதனால் உயரத்தில் வசிப்பவரின் ஈமோகுளோபினை அந்த உயரத்துக்கேற்பத் திருத்தி வாசிக்க வேண்டும். மாணவர்கள் தைரொயிட்டில் தேடும் விடை இங்கே இருக்கிறது.

#13 — சோதனைக்கூடம்

ரத்தம் எடுக்கிற பக்கத்தில நடக்கிற குளறுபடிகளைச் சொல்லிடுறேன்.

டி.எஸ்.எச் ராத்திரியில ஏறி, பின்னேரம் இறங்கும். ஒரு தடவை காலை ஏழு மணிக்கும் அடுத்த தடவை பின்னேரம் மூணு மணிக்கும் கொடுத்துட்டு "இறங்கிருச்சு"ன்னு சந்தோஷப்படாதீங்க. எப்பவும் ஒரே நேரம். சோதனை நாளில மாத்திரையைக் கையில எடுத்துட்டு வாங்க, ரத்தம் கொடுத்த பிறகு போடுங்க. போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 ஏறிக் காட்டும். டி.எஸ்.எச்சுக்குச் சாப்பிடாம வரணும்னு கட்டாயம் இல்ல, கூடவே சீனி பார்க்கிறாங்கன்னா அது வேற விஷயம்.

அலகு. ஒரு லேப் ஃப்ரீ டி4 1.2ன்னு தரும், இன்னொரு லேப் 15.4ன்னு தரும். பயந்துபோய் வருவாங்க. முதலாவது டெசிலீட்டருக்கு நனோகிராம், ரெண்டாவது லீட்டருக்கு பிகோமோல். முதலாவதை 12.87ஆல பெருக்கினா ரெண்டாவது. ரெண்டும் ஒரே அளவுதான்.

"முடி கொட்டுது"ன்னு கடையில வாங்குற பயோட்டின் மாத்திரை. சில கருவிகளோட வேதியியலே பயோட்டினை வச்சுத்தான் ஓடுது. ரத்தத்தில பயோட்டின் நிறைஞ்சிருந்தா டி.எஸ்.எச் பொய்யாகக் கீழேயும் டி4 பொய்யாக மேலேயும் காட்டும். பார்த்தா சுரப்பி வெறிபிடிச்ச மாதிரி இருக்கும், ஆள் நல்லா இருப்பார். குறைஞ்சது ரெண்டு நாள் நிறுத்திட்டு வரணும், அளவு பெருசுன்னா இன்னும் கூட. முடி கொட்டுறதுக்கே தைரொயிட் குறைபாடு காரணமா இருக்கலாம்கிறதால இந்த ரெண்டும் ஒரே ஆளில சந்திக்கிறது அடிக்கடி நடக்கிறதுதான்.

எச்பி ஏ1சிக்கும் (ரெண்டு மூணு மாசச் சராசரிச் சீனியைக் காட்டுற சோதனைக்கும்) ஒரு வார்த்தை. இரும்புக் குறைபாட்டால ரத்தச் சோகை உள்ளவங்களுக்கு அது உண்மையை விடக் கூடிக் காட்டலாம். எண்ணை மட்டும் நம்பி இன்சுலினைக் கூட்டுறதுக்கு முன்னாடி ஈமோகுளோபினையும் பாருங்க.

#14 — வார்டு_தாதி

சுரப்பி கூடுதலா வேலை செய்றவங்களைப் பத்தி யாருமே பேசல. கார்பிமசோல் எடுக்கிறவங்களுக்கு மூணு விஷயம்.

சுரப்பிக்குள்ள ரெண்டு மூணு மாசத்துக்குத் தேவையான ஓமோன் ஏற்கனவே சேர்ந்து கிடக்கு. மாத்திரை புதுசா உண்டாக்குறதைத்தான் நிறுத்தும், களஞ்சியத்தில இருக்கிறது தீர்ற வரைக்கும் படபடப்பு இருக்கும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான் புரொப்ரனலோல் கொடுக்கிறாங்க. ஆஸ்துமா உள்ளவங்க அதைச் சொல்லியே ஆகணும், அவங்களுக்கு அந்த மருந்து மூச்சைப் பிடிச்சிடும்.

டி4 சரியான பிறகும் டி.எஸ்.எச் வாரக்கணக்கில, மாதக்கணக்கில கூட அடியிலேயே கிடக்கும். ரொம்ப நாள் வாயடைச்சுக் கிடந்த கங்காணிக்கு உடனே குரல் வராது. அந்தக் காலத்தில டி.எஸ்.எச்சைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினா ஆள் எதிர்ப்பக்கம் விழுவார். டி4தான் வழிகாட்டி.

மூணாவது அவசரம். தொண்டை நோவு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தா அன்னைக்கே மாத்திரையை நிறுத்தி, அன்னைக்கே ரத்த எண்ணிக்கை எடுக்கணும். அரிதா இந்த மருந்து வெள்ளையணுவை அடியோட இறக்கிடும். மழைக்காலத் தடிமன்னு கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுட்டுப் படுத்தா உயிருக்கே ஆபத்து. கொப்பியோட முதல் பக்கத்தில சிவப்புப் பேனையில எழுதி வைக்க வேண்டிய ஒண்ணு.

#15 — மருந்தாளர்_பண்டாரவளை

"ரொம்ப நாள் வாயடைச்ச கங்காணி"ன்னு சொன்னீங்களே தங்கச்சி, அதே கதை பிரெட்னிசோலோன்கிற ஸ்டீரொயிட் மாத்திரையிலயும் இருக்கு. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அதிரீனல், ஒவ்வொண்ணும் நாலஞ்சு கிராம். உடம்போட ஒரு நாள் கோர்ட்டிசோலுக்குக் கிட்டத்தட்ட 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சமம். வெளியில இருந்து அதுக்கு மேல போயிட்டே இருந்தா கபச்சுரப்பி அதிரீனலைத் தூண்டுற ஏ.சி.டி.எச்சை நிறுத்தும், அதிரீனல் வேலையில்லாம சுருங்கும்.

இழுப்புக்கு அஞ்சு நாள், ஏழு நாள் கொடுக்கிறது பயமில்ல, அப்படியே நிறுத்தலாம். மூணு வாரத்துக்கு மேல போனா டொக்டர் சொல்ற படி படிப்படியாத்தான் குறைக்கணும். திடீர்னு நிறுத்தினா வாந்தி, தலைசுத்து, அழுத்தம் விழும், சீனி விழும். காலையில சாப்பாட்டோட எடுக்கச் சொல்றதும் சும்மா இல்ல. உடம்பே கோர்ட்டிசோலை விடியக்காலையில உச்சத்தில வச்சு, நடுச்சாமத்தில அடியில வைக்குது. ராத்திரி எடுத்தா தூக்கம் போகும்.

முழங்கால் நோவுக்குப் பேரில்லாத கவரில வாங்குற "ரெண்டு நாளில எழும்பி நடக்கிற" மாத்திரை, முகம் வெளுக்கிற களிம்பு, இதுகள்ல ஸ்டீரொயிட் இருக்கிறது புதுசில்ல. முகம் வட்டமாகி, வயித்தில ஊதா வரி விழுந்து, கை கால் மெலிஞ்சா கவரைக் கையோட எடுத்துட்டு வாங்க. நீங்களா நிறுத்திட்டு மட்டும் வராதீங்க.

சேருக்கு வகுப்பில சொல்ல ஒண்ணு: தைரொக்சினை முதன்முதல் தூய பளிங்கா பிரிச்சு எடுத்தவர் எட்வர்ட் கென்டல், 1914 நத்தார் தினத்தன்னைக்கு. பிறகு அதே மனுசன் அதிரீனல் ஓமோன் பக்கம் போய் 1950ல நோபல் வாங்கினார். இந்த இழையில பேசுற ரெண்டு மருந்துக்கும் பின்னால ஒரே ஆள்.

#16 — ஹட்டன்_உயிரியல்

மெத்தப் பெரிய உதவி. கங்காணியை அப்படியே கரும்பலகைக்குக் கொண்டு போறேன், துரை பங்களாச் சீட்டோட. கடைசியா ரெண்டு சின்னக் கேள்வி. ஒரு நாள் தைரொக்சின் மறந்தா என்ன? மாத்திரையை எங்க வைக்கிறது?

#17 — மருந்தாளர்_பண்டாரவளை

அரைவாழ்வு ஏழு நாள்னு மேல எழுதியிருக்காங்களே, பதில் அதிலயே இருக்கு. ஒரு நாள் தவறினா ரத்தத்தில பத்தில ஒரு பங்கு கூடக் குறையாது, பதற வேண்டாம், அடுத்த நாள் வழமை போல எடுங்க. வாரத்தில மூணு நாள் மறக்கிறவங்கதான் டி.எஸ்.எச்சை ஏத்திக்கிட்டு வர்றாங்க. கிளினிக் கிட்ட வந்ததும் ஒரு வாரம் ஒழுங்கா எடுத்துட்டு ரத்தம் கொடுத்தா டி4 நல்லாயிருக்கும், டி.எஸ்.எச் உயரத்திலயே நிக்கும். லேப்காரருக்கு அந்த ஜோடியைப் பார்த்ததும் விளங்கிடும்.

வைக்கிற இடம்: தைரொக்சினுக்கு வெளிச்சம், சூடு, ஈரம் மூணும் ஆகாது, 25 பாகைக்குக் கீழ இருக்கணும். நம்ம குளிரில சூடு பிரச்சினை இல்லன்னு நினைச்சு அடுப்புக்கு மேல இருக்கிற பலகையில வைக்கிறாங்க, அங்க நுவரெலியாக் குளிர் எட்டாது. பொன்னிற அட்டையில இருந்தா பிரிக்காம அப்படியே வைங்க. டிஸ்பென்சரியில எண்ணிக் கடதாசி உறையில கொடுத்ததா இருந்தா, மூடுபனிக் காலத்தில ரெண்டு மாசம் அந்த உறையிலயே விட்டா மாத்திரை நமுத்து விளிம்பு உதிரும். மூடி இறுக்கமான, நிறமுள்ள சின்னப் போத்தல் ஒண்ணு கொண்டு போய் அதில வாங்கிக்கங்க. போத்தல்ல மருந்துப் பேரையும் திகதியையும் ஒட்டுங்க. ரெண்டு வேற மாத்திரையை ஒரே போத்தல்ல போடாதீங்க. 50ம் 100ம் பார்க்கிறதுக்கு ஒரே மாதிரி இருக்கும்.

#18 — குடும்பநலம்_மிட்வைஃப்

அந்தப் போத்தலைக் கழுவிட்டு நல்லாக் காய வச்சுக் கொண்டு போகச் சொல்லுங்க அண்ணா. ஈரத்தோட கொண்டு வர்றாங்க.